ஓட்டில் 1868 என்று இருக்கிறதே, அக்கா? – வாசகர் கேள்வி பதில்

மூன்று இதழ்களுக்கு முன்னால், ஈரோட்டுப் பக்கம் நான் வளர்ந்த பங்கின் (ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தின்) பழைய மண்டபத்தைப் பற்றி இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். அதை இடித்துவிட்டார்கள், அது எந்த வருஷம் கட்டியது என்று இன்றைக்கு ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கத்தோலிக்கர்கள், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள், சர்ச் பக்கமே போகாத ஆனால் அந்த ஹாலில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, மண்டபம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

எங்க பங்கு மண்டபம் ஓட்டுக் கட்டடமுங்க. மழைக்கு ஒழுகுதுன்னு ஓடு இறக்கினப்ப, அடிப்பக்கத்துல மங்களூர் கம்பெனி பேரும் 1868-ன்னும் அச்சு இருந்துச்சு. அப்படின்னா மண்டபத்துக்கு 150 வயசு தாண்டிருச்சுங்களா அக்கா? விழா எடுக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கறோம். – சோமனூர் வாசகர்

விழாவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் தம்பி. அந்த 1868, ஓடு சுட்ட வருஷம் கிடையாது, கம்பெனி தொடங்கிய வருஷம். மங்களூர்ப் பக்கம் ஆல்புகர்க் குடும்பத்தார் 1868-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சுட்ட ஓட்டிலெல்லாம் அந்த வருஷத்தையே பொறித்தார்கள். நம் ஊர் நகைக்கடைப் பலகையில் தொடங்கிய வருஷத்தைப் போடுகிறார்களே, அதே மாதிரிதான். இதே குழப்பம் 1865 என்று போட்ட ஓட்டிலும் வரும், அது சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பேசல் மிஷன் என்ற வேதபோதகச் சபை மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை வைத்த வருஷம்.

ஆனால் ஓடு வேறு ஒரு துப்பு கொடுக்கும். முதல் உலகப்போர் வந்ததும் பேசல் மிஷனின் தொழிற்சாலைகளை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டது, போர் முடிந்த பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே காமன்வெல்த் என்று அச்சு இருந்தால் அந்த ஓடு போருக்குப் பிந்தியது, அதில் சந்தேகமே வேண்டாம். கூரை முழுக்க ஒரே அச்சா, நாலைந்து அச்சு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கலந்திருந்தால் அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சுவரோரத்திலும் மூலைவாட்டத்திலும் இருக்கும் ஓட்டை முதலில் பாருங்கள், பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நடுக்கூரையோடு நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது இரும்பு. உத்திரத்துக்கு இரும்பு விட்டம் போட்டிருந்தால், ஏணி வைத்து ஏறி, விட்டத்தின் பக்கவாட்டில் சுண்ணாம்பைச் சுரண்டிப் பாருங்கள். டார்மன் லாங் என்று ஆங்கிலத்தில் எழுத்து எழும்பி நின்றால் இங்கிலாந்து இரும்பு. டாடா என்று இருந்தால் நிச்சயம் 1912-க்கு அப்புறம்தான், ஜம்ஷெட்பூரில் அவர்கள் எஃகு காய்ச்சத் தொடங்கியதே அந்த வருஷம்தான். சுவர் சுண்ணாம்புக் காரையா சிமெண்டா என்பதைக் கொத்தனாரே ஒரு தட்டு தட்டிச் சொல்லிவிடுவார்.

கட்டடம் சொல்வதெல்லாம் தோராயம். சரியான தேதி காகிதத்தில்தான் இருக்கும். பங்குக்கு என்று ஒரு நாட்குறிப்பு இருக்கும், ஒவ்வொரு பங்குத்தந்தையும் தன் காலத்தில் நடந்ததை எழுதி வைத்தது. சாமியாரிடம் கேளுங்கள், பீரோவின் அடித்தட்டில் திருமுழுக்கு ஏடுகளுக்குக் கீழே கிடக்கும். பழையது லத்தீனிலோ பிரெஞ்சிலோ இருந்தால் பயப்பட வேண்டாம், வருஷமும் ரூபாய்க் கணக்கும் எந்த மொழியிலும் புரியும். கோயமுத்தூர் மறைமாவட்டத்தைத் தொடக்கத்தில் நடத்தியவர்கள் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகச் சபைக் குருக்கள். உங்கள் பக்கத்து ஊர் கருமத்தம்பட்டியில்தான் 1846-இல் மரியோன் பிரெசியாக்குக்கு ஆயர் பட்டம் கொடுத்தார்கள். இங்கிருந்து அந்தக் குருக்கள் எழுதிய கடிதங்கள் பாரிஸில் ரூ து பாக் தெருவில் உள்ள அவர்கள் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன, எழுதிக் கேட்கலாம். நிலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் வராத பழைய வருஷங்களுக்கு மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும், அலைச்சல்தான், ஆனால் கிடைக்கும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்று செய்துவிடுங்கள். பூசை முடிந்ததும் எழுபது எண்பது வயதுப் பெரியவர்களை மண்டபத்தில் உட்கார வைத்து, உங்கள் கல்யாணத்தில் பந்தி எங்கே நடந்தது, அடுப்பு எந்தப் பக்கம் வெட்டினார்கள், தரை அப்போது சிவப்பு சிமெண்டா, சாணி மெழுகியதா என்று கேளுங்கள். வீட்டில் உள்ள கல்யாணப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னாலே மண்டபக் கதவு தெரியும், போட்டோவின் முதுகில் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் இருக்கும். எங்கள் பங்கில் நாங்கள் இதைச் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆராதனை செய்ய ஆலயமே இருக்கும்போது தனியாக ஹால் எதற்கு? இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கமா? – கோபிசெட்டிபாளையம் வாசகி

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பழைய காலத்தில் ஹால் என்று தனியாக இல்லை. கோவிலின் பலிபீடப் பகுதி குருவுடையது, மக்கள் நிற்கும் நடுப்பகுதி ஊருடையது என்று ஒரு கணக்கு. அந்த நடுப்பகுதியில் பெஞ்சுகூட அப்போது கிடையாது. ஊர்க்கூட்டம், பஞ்சாயத்து எல்லாம் அங்கேயே நடக்கும். கோவில் செலவுக்குப் பணம் சேர்க்க பீர் காய்ச்சி விற்று விருந்து வைப்பார்கள், அதற்குச் சர்ச் ஏல் என்று பெயர். பெஞ்சு போட ஆரம்பித்த பிறகு, விருந்தை வெளியே தள்ள வேண்டியதாயிற்று, பக்கத்தில் சர்ச் ஹவுஸ் என்று தனி வீடு கட்டினார்கள், தெற்கு இங்கிலாந்துக் கிராமங்களில் 500 வருஷத்துக் கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. சீர்திருத்தக் காலத்துக்குப் பின்னால், குடித்துக் கும்மாளம் போடுவது பாவம் என்று சொல்லி அந்த விருந்துகளை நிறுத்தினார்கள்.

மண்டபம் மறுபடி உயிர் பெற்றது பள்ளிக்கூடத்தால். 1780-இல் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர், வாரம் முழுக்க வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். ஓய்வுநாள் பாடசாலை என்று உங்கள் சபையில் இன்றைக்கும் நடக்கிறதே, அந்தப் பழக்கம் ஊர் ஊராகப் பரவியது அவர் முயற்சியால்தான். பிள்ளைகள் பெருகப் பெருக வகுப்பறை தேவைப்பட்டது, வாரநாளில் அதே அறை மற்ற காரியங்களுக்குப் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஊருக்கு ஊர் பாரிஷ் ஹால் எழும்பியது இப்படித்தான். 1894-இல் சட்டம் போட்டு, ஊர் நிர்வாகத்தைக் கோவில் கமிட்டியிடமிருந்து எடுத்துத் தேர்ந்தெடுத்த கவுன்சிலிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஊர் கூடும் இடம் பல ஊர்களில் அதே ஹால்தான். இரண்டு உலகப்போர்களிலும் அந்த ஹால்களில் கட்டில் போட்டு காயம்பட்டவர்களையும் குண்டுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்களையும் படுக்க வைத்தார்கள். 1957 ஜூலை 6-ஆம் தேதி லிவர்பூலில் வூல்டன் புனித பேதுரு ஆலயத் தோட்டத் திருவிழாவுக்கு வாசிக்க வந்த ஜான் லெனனை, பின்னால் அவரோடு பீட்டில்ஸ் இசைக்குழுவில் புகழ் பெற்ற பால் மெக்கார்ட்னி முதன்முதலாகச் சந்தித்ததும் அந்த ஆலயத்தின் ஹாலில்தான். சாயங்காலக் கச்சேரிக்குச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரம். ஆள் சேர ஓர் இடம் இருந்தால் அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி நம் ஊர். லண்டன் மிஷன் சார்பில் ஆடிஸ் துரை கோயமுத்தூருக்கு வந்தது 1830-இல். அவர்கள் போன இடமெல்லாம் முதலில் பள்ளிக்கூடம்தான். கிராமத்தில் ஒரு கூரைக் கொட்டகை, வாரநாளில் அ ஆ எழுதும் இடம், ஞாயிற்றுக்கிழமை அதுவே ஆலயம், சாயங்காலம் ஊர்க்காரர் பெட்டிஷன் எழுத வாத்தியாரைத் தேடி வரும் இடம். பிறகு வசதி வந்து கல்லில் ஆலயம் கட்டிக்கொண்டார்கள். ஈரோட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் துரை 1933-இல் கட்டி முடித்த ஆலயத்தை பிரப் ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆலயம் வந்ததும் பழைய கொட்டகை பல ஊர்களில் ஹாலாக மாறியது. ஆக உங்கள் சேகரத்தில், அதாவது உங்கள் சபையின் பங்கில், ஹால் ஆலயத்துக்கு மூத்ததாகக்கூட இருக்கலாம். ஒருதரம் விசாரித்துப் பாருங்கள். சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27-இல் உருவாவதற்கு முந்தைய லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனில் சோயாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன.

கத்தோலிக்கக் கோவிலில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே அர்ச்சித்த அப்பம் வைத்திருக்கும் நற்கருணைப் பேழை இருக்கிறது, விளக்கு எரிகிறது. அதன் முன்னால் இலை போட்டுச் சாப்பிட முடியாது, சத்தமாகக் கணக்குப் பேச முடியாது. பேசவும் சாப்பிடவும் சண்டை போட்டுச் சமாதானமாகவும் ஓர் இடம் வேண்டுமே. மறைக்கல்வி, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம், வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் வீடு வீடாக வாங்கி வந்த பிடியரிசியைக் கொட்டி அளக்கிற வேலை எல்லாம் மண்டபத்தில்தான். அந்தச் சபையை 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் தோழர்களோடு தொடங்கினார். நம் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு அதை வளர்த்தார்கள்.

பாரிஷ் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் பரோய்க்கியா, அக்கம்பக்கத்தில் குடியிருப்பது என்ற பொருளில் வருவது. கத்தோலிக்கர்கள் நாங்கள் அதற்குப் பங்கு என்கிறோம், நீங்கள் சேகரம் என்கிறீர்கள். எனக்கு மூன்று சொல்லுமே பிடிக்கும்.

நாங்கள் இந்துக் குடும்பம். எங்கள் பெண்ணுக்குத் திரட்டிச் சீர் (பூப்புச் சடங்கு) செய்ய, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்ச் ஹாலைக் கேட்கலாமா? தருவார்களா, தப்பாக நினைப்பார்களா? – திருப்பூர் வாசகி

தாராளமாகக் கேளுங்கள் அம்மிணி. பெரும்பாலான பங்குகளில் தருகிறார்கள். ஹால் அர்ச்சித்த பலிபீடம் இருக்கும் இடம் இல்லை, விசேஷம் வைப்பதற்கென்றே கட்டியது. மூன்று நிபந்தனை சொல்வார்கள். சாராயம் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பாட்டுக் கச்சேரி வேண்டாம். சில இடங்களில் பூசை நேரத்தில் மேளம் அடிக்காமல் இருக்கச் சொல்வார்கள். தேதி குறிப்பதற்கு முன்னால் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், பத்திரிகை அடித்த பிறகு கேட்டுச் சங்கடப்பட வேண்டாம்.

இந்தக் கேள்வியை நீங்கள் தயங்கிக் கேட்டிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நம் பக்கம் மண்டபம் என்பது வெறும் கட்டடம் இல்லை, யாருக்குத் தருவார்கள், யாருக்குத் தேதி இல்லை என்று சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. டீக்கடையில் இரட்டை டம்ளர் இருந்த ஊர்களில் கல்யாண மண்டபம் மட்டும் எல்லாருக்கும் திறந்தா இருந்திருக்கும்? அந்த நாளில் சக்கிலியர் வளவு என்று ஒதுக்கி வைத்த தெருவிலிருந்து வந்த பெண்ணும் மாப்பிள்ளையும், நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து, மேலே மின்விசிறி ஓட, பந்தியில் முதல் இலையில் சாப்பிட்டது எங்கள் ஊரில் பங்கு மண்டபத்தில்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்தேன். அன்றைக்கு வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனவர் ஊரில் பெரிய தோட்டத்துக்காரர், பங்குப் பேரவையில் இருந்தவர். அதற்காக அவர் வீட்டில் அவரை யாரும் மெச்சவில்லை. சர்ச்சுக்குள்ளேயும் சாதி இருந்தது, இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கல்லறையிலேகூடத் தனிவரிசை வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அப்படியிருந்தும் அந்தப் பந்தி நடந்தது. உங்கள் பெண்ணுக்கு அதே மாதிரி ஓர் இடத்தில் சீர் நடந்தால் எனக்குச் சந்தோஷம்.

தேர்தல் வருகிறது. கட்சிக்காரர்கள் ஆலோசனைக் கூட்டத்துக்கு ஹாலை வாடகைக்குக் கேட்கிறார்கள். எல்லாக் கட்சிக்கும் கொடுத்தால் பிரச்சினை இல்லைதானே? – அவிநாசி வாசகர்

பிரச்சினைதான், எந்தக் கட்சிக்கும் கொடுக்க வேண்டாம். 1988-இல் வந்த மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம், கோவில், மசூதி, சர்ச் எதுவானாலும் அதற்குச் சொந்தமான இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்த விடக்கூடாது என்கிறது. வாடகை வாங்கினோம், எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தோம் என்பதெல்லாம் செல்லாது. ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு, மாட்டிக்கொள்வது நிர்வாகத்தில் இருப்பவர். இங்கிலாந்தில் சர்ச் ஹாலில் ஓட்டுப் பெட்டி வைப்பது சாதாரணம். நம் தேர்தல் ஆணையம் மதம் சார்ந்த இடங்களில் வாக்குச்சாவடி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. இதைக் கட்சிக்காரர்களிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், சட்டத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஹால் வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா? ஒருத்தர் உண்டு என்கிறார், ஒருத்தர் சர்ச்சுக்கு இல்லை என்கிறார். – காங்கேயம் வாசகர்

இரண்டு பேர் சொல்வதும் பாதி பாதி சரி. வருமான வரிச் சட்டத்தில் அறநிறுவனமாகப் பதிவு பெற்ற அமைப்பு, பொதுமக்கள் வழிபடும் தலத்தின் வளாகத்தில் இருக்கிற சமூகக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ திறந்தவெளியையோ வாடகைக்கு விட்டால், ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரை வரி விலக்கு. 10,000 ஆகிவிட்டால் விலக்கு கிடையாது. தங்கும் அறையென்றால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய், கடை வாடகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று எல்லை. விலக்கு இல்லாத வாடகைக்கும், வருஷ வரவு பதிவு வரம்பைத் தாண்டினால்தான் வரி கட்டும் கடமை வரும். மறைமாவட்டம் முழுக்க ஒரே பதிவில் இருந்தால் எல்லாப் பங்கு வரவையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதனால் உங்கள் ஆடிட்டரிடம் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

வாடகையைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. தறி ஓட்டுகிற, பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கிற ஒருத்தர் ஒரு வாரக் கூலியில் எடுக்க முடிகிற வாடகைதான் பங்கு மண்டபத்துக்குச் சரியான வாடகை. துக்க வீட்டுக்காரரிடம் கரண்டுக் காசு மட்டும் வாங்குங்கள்.

எங்கள் பழைய ஹாலை இடித்துவிட்டு ஏ.சி. கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்கள். வருமானம் வரும், பள்ளிக்கூடத்தை நடத்தலாம் என்கிறார்கள். நாங்கள் சிலபேர் எதிர்க்கிறோம். பழைய நினைவுக்காகத்தான் எதிர்க்கிறோமோ என்று எங்களுக்கே சந்தேகம். – தாராபுரம் வாசகர்கள் நான்கு பேர்

நினைவுக்காக எதிர்ப்பது ஒன்றும் குறைச்சலான காரணம் இல்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசும்போது அது மட்டும் போதாது, கணக்கு வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு மாதத்துக்கு அந்த ஹாலில் என்னென்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு கொடுத்தார்கள் என்று தினமும் எழுதுங்கள். காலையில் டியூஷன், மத்தியானம் தையல் வகுப்பு, புதன்கிழமை குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம், வருஷத்துக்கு இரண்டு கண் முகாம், ஒரு ரத்ததான முகாம், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி. திருப்பூர்ப் பக்கம் என்றால் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் மாதம் ஒருநாள் இந்திப் பூசை முடிந்து கூடி உட்கார்ந்து சோறாக்கிச் சாப்பிடுவதும் சேரும். இதில் ஒன்றுக்காவது ஏ.சி. மண்டபத்தில் இடம் இருக்குமா? முகூர்த்த நாளில் முப்பதாயிரம் வாடகை வருகிற கட்டடத்தில், தையல் மிஷினை ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யார் சொல்லப் போகிறார்கள்? மாட்டார்கள் என்று நான் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் பங்கில் புது மண்டபம் வந்ததும் தையல் வகுப்பு முதலில் சைக்கிள் நிறுத்தும் ஷெட்டுக்குப் போனது, அப்புறம் நின்றே போனது. பதினாறு மிஷின். அதில் படித்த பெண்கள் பாதிப்பேர் இன்றைக்குச் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, கட்டடம் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பாருங்கள். ஓட்டுக் கூரை ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் ரீப்பரையோ கைமரத்தையோ செல்லு அரித்திருக்கும், மரத்தை மாற்றினால் போதும், சுவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறிக் காரை கொட்டுகிறதா? யாரோ அதன் மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், உள்ளேயே ஈரம் தங்கிச் சுவர் அழுகும். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். பழுது பார்க்க எவ்வளவு, இடித்துக் கட்ட எவ்வளவு என்று இரண்டு மதிப்பீட்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

கத்தோலிக்கப் பங்கு என்றால் உங்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. 1983-ஆம் வருஷத் திருச்சபைச் சட்டத்தில் 537-ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. நிதிக்குழு கூடியதா, தீர்மானம் எழுதினார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். சி.எஸ்.ஐ. என்றால் சேகரக் கமிட்டிக் கூட்டக் குறிப்பைப் பாருங்கள். சாமியாரையோ சி.எஸ்.ஐ. போதகரான ஐயரையோ எதிரியாக ஆக்கிக்கொள்ள வேண்டாம், பள்ளிக்கூடத்தை நடத்தப் பணம் வேண்டும் என்பது அவருடைய உண்மையான கவலை. நடுவழி ஒன்று இருந்தால் அதைச் சொல்லுங்கள், பின்பக்கம் காலியிடம் இருந்தால் புது மண்டபம் அங்கே, பழையது பழையபடி. நீங்கள் நாலு பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அதே மாதிரி அவருக்கும் ஒன்று எழுதுங்கள். அவசரமாக நடப்பது போலத் தெரிந்தால், இடிப்பதற்கு முந்தைய நாளாவது போய் நாலு மூலையையும் போட்டோ எடுத்து, நீள அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.

எங்கள் சர்ச் ஹாலில் ஷட்டில் கோர்ட் போட முடியுமா? – கோவை மாணவர்

இரட்டையர் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். சுற்றிலும் குறைந்தது நாலைந்து அடி விட வேண்டும். இதைவிட முக்கியம் உயரம், விட்டம் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு லாப்பும் மேலே முட்டும். ஓட்டுக் கூரைக்கு அடியில் ஆடினால் ஓடு உடையாது, ஆனால் சிட்டுக்குருவிக் கூடு இருக்கிறதா பாருங்கள். கோடு பெயிண்டில் போடாமல் டேப்பில் போடுங்கள், சனிக்கிழமை கல்யாணம் வந்தால் உரித்துவிடலாம்.

எங்கள் ஆலய ஹாலில் அறுபது வருஷத்துப் பவானி ஜமக்காளம் இரண்டு இருக்கிறது. ஹாலின் பெயரையே நெய்து வாங்கியிருக்கிறார்கள். ஓரம் பிரிய ஆரம்பித்துவிட்டது, பூச்சி வேறு. எப்படிப் பாதுகாப்பது அக்கா? – குமாரபாளையம் வாசகி

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு, பச்சை, நீலப் பட்டை, நடுவில் வெள்ளை நூலில் எழுத்து, அதில் ஒரு எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது. அத்தனை அகலமான ஜமக்காளத்தை ஒருத்தரால் நெய்ய முடியாது, தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொள்வார்கள். எழுத்து சாய்ந்த இடத்தில் இரண்டு பேர் கணக்கும் ஒரு இழை தப்பியிருக்கும் போல.

தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், பழைய சாயம் கசிந்து வெள்ளை எழுத்தைக் கெடுத்துவிடும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் தலைகீழாகப் போட்டுத் தட்டுங்கள், உச்சி வெயில் வேண்டாம். மடிக்காமல், ஒரு நீள மூங்கிலில் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி அதன் மேல் ஜமக்காளத்தைச் சுருட்டுங்கள், மடித்தால் மடிப்பில் இழை அறும். நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் கட்டி உள்ளே வையுங்கள், அந்துருண்டை போடுவதானால் நூலில் படாமல் போடுங்கள். சுருட்டியதைத் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேல் வையுங்கள், செல்லு தரை வழியாகத்தான் வரும். ஓரம் பிரிந்ததை வீட்டில் தைக்க வேண்டாம். பவானி உங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே, பாலத்தைத் தாண்டிப் போய் வயதான நெசவாளர் ஒருவரிடம் காட்டுங்கள், அதே கனத்து நூலில் ஓரம் கட்டித் தருவார்கள். போகும்போது அந்தச் சாய்ந்த எழுத்தையும் காட்டிக் கேட்டு, என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.